மவுண்ட் றோட்டின் பதினான்கு மாடி: சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் வரலாறு

1960களிலும் 1970களிலும் யாழ்ப்பாணத்து வின்சர், ராணி, மனோகரா முதலிய திரையரங்குகளில் தமிழ்த் திரைப்படங்களைக் கண்டு களித்தோருக்குச் சென்னை நகரம் அறிமுகமான முறை ஏறத்தாழ ஒரே வகையானது. கிராமத்திலிருந்து புறப்பட்ட கதாநாயகன் சென்ட்ரல் புகையிரத நிலையத்தில் வந்திறங்குவான். அடுத்து, அகன்றதொரு வீதியின் ஓரத்தே செங்குத்தாக எழுந்து நிற்கும் வெண்ணிறக் கட்டடமொன்று திரையில் தோன்றும். அவன் அதனை அண்ணாந்து நோக்குவான். ‘இது சென்னை’ என்று எவரும் வாய்திறந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோ பலாலியிலிருந்து விமானமேறியோ சென்னை சென்ற யாழ்ப்பாணத்தவர் பலர், அங்கு கால்வைக்குமுன்னரே அறிந்திருந்த கட்டடம் அதுவேயாகும். கோயிலோ, கோட்டையோ, அரச மாளிகையோ அல்லாது ஓர் ஆயுட் காப்புறுதிக் கம்பனியின் அலுவலகம் ஒரு மாநகரின் முகமாக அமைந்தது எவ்வாறு என்பது ஆராயத்தக்கதாகும்.

கட்டட வரலாறுகள் பெரும்பாலும் கட்டியவனின் புகழையும் கட்டடத்தின் அளவுகளையும் கூறுவதோடு நின்றுவிடுவன. எல்.ஐ.சி. கட்டடத்தைப் பொறுத்தவரை அவ்விரண்டும் போதா. காப்புறுதிக் கம்பனியொன்றின் பணம் முதலாளியின் பணமன்று. தம் மறைவிற்குப் பின்னர் மனைவி மக்கள் வருந்தலாகாதெனக் கருதிய எழுதுவினைஞரும் ஆசிரியரும் சிறு வணிகரும் தவணை தவணையாகச் செலுத்திய பணமே நிதியமாகத் திரண்டு, கடன்பத்திரமாகவும் பங்காகவும் நிலமாகவும் கட்டடமாகவும் உருவெடுக்கின்றது. அப்பணம் யார் கையில் இருக்கவேண்டும், எதற்குச் செலவிடப்படவேண்டும் என்ற வினா இக்கட்டடம் எழுந்துகொண்டிருந்த ஆறு ஆண்டுகளிலேதான் இந்தியாவில் மிகக் கூர்மையாக எழுந்தது. ஆகவே இக்கட்டடத்தின் வரலாறு அவ்வினாவின் வரலாறுமாகும்.

சென்னையின் நிதித்துறை தொடக்கத்தில் மவுண்ட் றோட்டைச் சார்ந்ததன்று. துறைமுகத்தையும் கோட்டையையும் அண்டிய கடற்கரை முதல் வரிசையிலும் ஜோர்ஜ் ரவுண் தெருக்களிலுமே வங்கிகளும் ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்களும் நிலைகொண்டிருந்தன. சென்னை வங்கி 1890களில் அங்கெழுப்பிய செங்கல் மாளிகை இன்றும் உளது. ஆயுட் காப்புறுதியும் ஆங்கிலேயர் தமக்கென்று கொணர்ந்த ஒன்றே. 1818இல் கல்கத்தாவில் ஓரியன்டல் கம்பனியும், 1829இல் சென்னையில் மட்ராஸ் ஈக்குவிற்றபிள் கம்பனியும் தொழிலை ஆரம்பித்தன. இந்தியரின் உயிரைக் காப்புறுதி செய்ய நீண்ட காலம் தயங்கிய ஐரோப்பியக் கம்பனிகள், செய்தபோதும் மேலதிகக் கட்டணம் அறவிட்டன. உயிர்களுக்கிடையே விலை வேறுபாடு காட்டிய இவ்வழக்கத்திற்கு எதிராகவே சுதேசிக் காப்புறுதிக் கம்பனிகள் தோன்றின.

சென்னையைப் பொறுத்தவரை 1906ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆர்புத்நொட் என்னும் பெரும் ஆங்கிலேய நிறுவனம் முறிவடைந்தது. ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் அதில் இட்டுவைத்திருந்த சேமிப்பு அழிந்தது. அதன் தலைவர் சிறைத்தண்டனை பெற்றார். வெள்ளையர் கையில் பணம் பத்திரமாயிருக்கும் என்ற நம்பிக்கை தகர்ந்த இடத்திலேதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. 1906ஆம் ஆண்டிலேயே, சுதேசி இயக்க அலையில், யுனைற்றெட் இந்தியா ஆயுட் காப்புறுதிக் கம்பனியும் சென்னையில் நிறுவப்பட்டது. எமது கட்டுரைக்குரிய கட்டடத்தை அரை நூற்றாண்டின் பின்னர் எழுப்ப முற்பட்ட கம்பனி இதுவே.

கட்டடத்தைக் கனவுகண்டவர் கானாடுகாத்தானைச் சேர்ந்த எம். சிற். எம். சிதம்பரம் செட்டியார் ஆவார். (சேப்பாக்கம் துடுப்பாட்ட அரங்கிற்குப் பெயர் தந்த எம். ஏ. சிதம்பரம் வேறொருவர், அவர் அண்ணாமலை அரசரின் மைந்தர். இருவரையும் ஒருவராக மயங்குதல் பலரிடத்தும் காணப்படுவதால் இதனை இங்கு குறிக்கவேண்டியுள்ளது.) 1908இல் பிறந்த சிதம்பரம் செட்டியார், தந்தையார் சேர் முத்தையா செட்டியார் 1929இல் மறைய, இருபத்தோராவது வயதிலேயே குடும்பத் தொழிலின் பொறுப்பை ஏற்றார். அக்காலம் நாட்டுக்கோட்டைச் செட்டிமாருக்கு நல்ல காலமன்று. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் செய்து வந்த அச்சமூகத்தினரை உலகப் பொருளாதார மந்தம் தாக்கியது. கடன்பட்ட விவசாயிகள் பணத்தைத் திருப்பித்தர இயலாது நிலத்தைக் கொடுத்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் விளைநிலத்தின் நான்கிலொரு பங்கு 1930களின் பிற்பகுதியில் செட்டிமார் கைக்கு வந்துவிட்டது. பணமாகப் புழங்கவேண்டிய முதல், விரும்பாத நிலமாக முடங்கியது. அதனோடு பர்மியரின் வெறுப்பும் சேர்ந்தது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. யப்பானியப் படையெடுப்பும் சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்களும் எஞ்சியதையும் கொண்டுபோயின.

இலங்கையிலும் நிலைமை வேறன்று. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து கடன் பெற்றுவந்த உள்ளூர் வணிகருக்கு அவ்வழி சுருங்கியதும், நாட்டிற்கென ஒரு வங்கி வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. 1934இல் வங்கி ஆணைக்குழு அமைந்ததும், 1939 ஓகஸ்ற் முதலாந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டதும் இப்பின்னணியிலாகும்.

இக்காலமாற்றத்தைத் தெளிவாக உணர்ந்த சிலருள் சிதம்பரம் செட்டியார் முதன்மையானவர் எனலாம். தனிமனிதரின் பெட்டகத்தையும் சொல்லுறுதியையும் நம்பிய தொழில் இனி நிலைக்காது, கூட்டுப்பங்கு நிறுவனங்களே நிலைக்கும் என்பது அவர் கணிப்பு. 1937 பெப்ரவரி 10ஆந் திகதி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். பெயரிலேயே கடல் கடந்த நாடுகளைக் கொண்ட அவ்வங்கி கோலாலம்பூர், சிங்கப்பூர், பினாங்கு என விரிந்தது. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கடமையாற்றிய தமிழர், ஊருக்கு அனுப்பிய பணத்தினால் எழுந்த கல்வீடுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றுமுள. கடல் கடந்து பணம் அனுப்புதல் என்பது யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கவேண்டியதொரு தொழிலன்று. யுனைற்றெட் இந்தியா ஆயுட் காப்புறுதிக் கம்பனியும் சிதம்பரம் செட்டியாரின் தலைமையின் கீழ் வந்தது. 1938இல் தீ, பொதுக் காப்புறுதிக்கெனத் தனிக் கம்பனியொன்றும் தோன்றியது.

காப்புறுதிக் கம்பனிகள் உயரமான கட்டடங்களை விரும்புவது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். நியூ யோர்க்கிலும் சிக்காக்கோவிலும் வானளாவிகளுட் பல காப்புறுதிக் கம்பனிகளினாலேயே எழுப்பப்பட்டன. இதற்குக் காரணம் பெருமிதம் மட்டுமன்று. நீண்ட காலத்தின் பின்னர் கொடுக்கவேண்டிய பணத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், நீண்ட காலம் வாடகை தரும் சொத்தில் அதனை இடுவது பொருந்தும். அத்தோடு, நாற்பது ஆண்டுகளின் பின்னரே பயன் தரும் ஒரு பத்திரத்தை விற்பவன், நாற்பது ஆண்டுகளின் பின்னரும் தான் இருப்பேன் என்று வாங்குபவனை நம்பவைத்தல் வேண்டும். அந்நம்பிக்கையைக் கல்லிலும் கொங்கிறீற்றிலும் எழுதிக் காட்டுவதைவிட வேறு நல்ல விளம்பரமில்லை. ஆர்புத்நொட்டின் முறிவை மறவாத நகரமொன்றில் இது இன்னும் பொருத்தமாயிற்று.

சிதம்பரம் செட்டியார் தம் காப்புறுதிக் கம்பனிக்குப் பதினெட்டு மாடி கொண்ட ஒரு தலைமையகத்தைத் திட்டமிட்டார். கடற்கரை முதல் வரிசையை விடுத்து மவுண்ட் றோட்டைத் தேர்ந்தமையே ஒரு புதுமையாகும். அவ்வீதி அதுவரை ஸ்பென்சர், ஹிக்கின்பொதம்ஸ் போன்ற கடைகளும், மோட்டார்க் காட்சியறைகளும், திரையரங்குகளும் கொண்ட கொள்வனவு வீதி. ‘இந்து’ நாளிதழும் அவ்வீதியிலேயே இயங்கியது. வணிகத்தின் நெஞ்சு துறைமுகத்தை விட்டு உட்புறம் நகர்கின்றது என்பதைச் செட்டியார் கண்டுகொண்டார் போலும். இலண்டனைச் சேர்ந்த எச். ஜே. பிறவுண், எல். சி. மோலின் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் வரைபடம் தயாரித்தனர். கொறமண்டல் எஞ்சினியரிங் கம்பனி கட்டட வேலையை ஏற்றது. 1953இல் வேலை ஆரம்பமாயிற்று.

பொறியியல் நோக்கில் இக்கட்டடம் பெற்ற முக்கியத்துவத்தை இங்கு சற்று விரிவாக நோக்குதல் தகும். அதுவரை சென்னையின் பெருங்கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அம்முறையில் சுவரே சுமையைத் தாங்கும். மாடி உயர உயர அடிச்சுவரின் தடிப்பும் பெருகும். ஓரெல்லைக்கு மேல் கீழ்த்தளம் முழுவதும் சுவராகவே ஆகிவிடும். உயர்நீதிமன்றம் முதலிய இந்தோ-சரசெனிக் மாளிகைகள் அகன்று பரந்து கிடப்பதன் இரகசியம் இதுவே. உருக்குக் கம்பியால் வலுவூட்டிய கொங்கிறீற்றுத் தூண்களும் உத்தரங்களும் சட்டகமாக நின்று சுமையைத் தாங்கும்போது சுவர் வெறும் மறைப்பாகிவிடுகின்றது. கட்டடம் மேல்நோக்கி வளர வழி பிறக்கின்றது. தென்னிந்தியாவில் சுண்ணாம்புச் சாந்து யுகத்திலிருந்து கொங்கிறீற்றுத் தூண் யுகத்திற்கு நிகழ்ந்த மாற்றத்தின் எல்லைக்கல்லாக இக்கட்டடத்தைக் கட்டடவியலாளர் கொள்வர். அழகைப் பொறுத்தவரை கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு. வரிசை வரிசையாகச் சாளரங்களைத் தாங்கிய நெடிய பலகை போன்ற அமைப்பில் தமிழகத்துச் சிற்பியின் கைவண்ணத்தைத் தேடுதல் வீண். ஆயினும் அலுவலகத்தை அலுவலகமாகவே காட்டும் நேர்மை அதனிடமுண்டு.

வேலை ஆரம்பித்த மறு ஆண்டே, 1954 மார்ச் 13ஆந் திகதி, சிங்கப்பூர்க் கல்லாங் விமான நிலையத்தில் இறங்க முற்பட்ட பி.ஓ.ஏ.சி. விமானமொன்று ஓடுபாதைக்கு முன்னுள்ள அணைக்கட்டில் மோதித் தீப்பற்றியது. அவ்விபத்தில் இறந்தோருள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. மரணத்திற்கு எதிராக மக்களுக்கு உறுதி வழங்கும் கம்பனியின் தலைவர், தம் கட்டடத்தின் அத்திவாரத்திற்கு மேல் எழுந்ததைப் பெரிதும் காணாமலே மறைந்தார்.

அடுத்த அடி டெல்லியிலிருந்து வந்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு மவுண்ட் றோட்டிலேயே உள்ள இன்னொரு கட்டடத்தை நோக்குதல் வேண்டும். மருந்து வணிகரான டபிள்யூ. ஈ. சிமித் 1897இல் எழுப்பிய ‘கார்டைல்’ மாளிகை, கூம்புகளும் வளைவுகளும் கொண்ட அழகிய சிவப்புக் கட்டடம். 1934இல் அதனைப் பாரத் காப்புறுதிக் கம்பனி வாங்கிப் பாரத் கட்டடமாக்கியது. அக்கம்பனி பின்னர் ராமகிருஷ்ண டால்மியா என்னும் பெருமுதலாளியின் ஆதிக்கத்துள் வந்தது. காப்புறுதிதாரரின் பணத்தை டால்மியா தம் சொந்த நிறுவனங்களை வாங்கவும் ஊகவாணிபம் செய்யவும் திருப்பிய கதையை 1955 டிசெம்பரில் பெரோஸ் காந்தி பாராளுமன்றத்தில் அம்பலமாக்கினார். பிரதமரின் மருமகனாயினும் ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே அரசாங்கத்தைக் கேள்விகேட்கத் துணிந்த அவ்வுரை நாட்டை உலுக்கியது. டால்மியா பின்னர் சிறை சென்றார்.

1956 சனவரி 19ஆந் திகதி இரவு நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் வானொலியில் உரையாற்றினார். ஆயுட் காப்புறுதித் தொழிலின் முகாமை அரசுடைமையாவதாக அறிவித்தார். கம்பனிகள் முன்கூட்டி அறிந்து பணத்தை அகற்றிவிடாதிருக்கவே அவசரச் சட்டமும் இரவு வானொலியும். 154 இந்தியக் கம்பனிகள், 16 வெளிநாட்டுக் கம்பனிகள், 75 சேமலாபச் சங்கங்கள் என மொத்தம் 245 நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, 1956 செத்தெம்பர் முதலாந் திகதி இந்திய ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பிறந்தது. தமிழகத்தார் இதனை ஆயுள் காப்பீட்டுக் கழகம் என்பர், எல்.ஐ.சி. என்ற மூன்றெழுத்தே மக்கள் வாயில் நிலைத்தது. அரசாங்கம் இட்ட மூலதனம் ஐந்து கோடி ரூபா. யுனைற்றெட் இந்தியா கம்பனியின் பெயர் ஆயுட் காப்புறுதித் துறையிலிருந்து மறைந்தது. பாதி எழுந்த அதன் கட்டடமும், ஊழலுக்குப் பேர்போன பாரத் கம்பனியின் மாளிகையும் ஒரே உரிமையாளரைச் சென்றடைந்தன. நல்லவர் கெட்டவர் என்ற வேறுபாடின்றி இருவரையும் சட்டம் ஒன்றாக விழுங்கியதில் அநீதியுண்டு என வாதிடலாம். ஆனால், மக்கள் சேமிப்பின் பாதுகாப்பு முதலாளியொருவரின் தனிப்பட்ட நேர்மையில் தங்கியிருக்கலாகாது என்பதே தேசியமயமாக்கலின் அடிப்படை. நேர்மையான முதலாளி இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற வினாவிற்குச் சிங்கப்பூர் விபத்தே விடையளித்துவிட்டது.

அரசுடைமை ஆனதும் எல்லாம் சீராயிற்று என்று கொள்ளலாகாது. 1957இல் கூட்டுத்தாபனம் ஹரிதாஸ் முந்திரா என்பவருக்குச் சொந்தமான ஆறு கம்பனிகளின் பங்குகளை ஒரு கோடியே இருபத்துநான்கு இலட்சம் ரூபாவிற்கு வாங்கியது. கூட்டுத்தாபனத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசியாது நடந்த கொள்வனவு அது. நலிந்த கம்பனிகளைக் கைதூக்கிவிட மக்களின் சேமிப்பு பயன்பட்டமையைப் பெரோஸ் காந்தியே மீண்டும் பாராளுமன்றத்தில் கிளப்பினார். நீதியரசர் சாக்ளாவின் விசாரணை பம்பாயில் பகிரங்கமாக நடைபெற்றது. உள்ளே இடமின்றி வெளியே நின்றோருக்கு ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். அவர் சென்னைக்காரர். அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பிரதமர் நேருவே சமர்ப்பிக்க நேர்ந்தது. அதன் பின்னர் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சரானார்.

இவ்வளவும் டெல்லியிலும் பம்பாயிலும் நடந்துகொண்டிருக்க, மவுண்ட் றோட்டில் சாரமரங்களுக்கு நடுவே கட்டடம் உயர்ந்துகொண்டேயிருந்தது. இலண்டன் கட்டடக் கலைஞர் 1957இல் விலகிக்கொள்ள, சென்னையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எல். எம். சித்தாலே பணியை ஏற்று நிறைவேற்றினார். திட்டமிட்ட பதினெட்டு மாடி குறைக்கப்பட்டது. ஏறத்தாழ எண்பத்தேழு இலட்சம் ரூபா செலவில் முடிவுற்ற கட்டடத்தை 1959 ஓகஸ்ற் 23ஆந் திகதி மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். முந்திரா விவகாரம் எழாதிருந்தால் அந்நாடாவைச் சொந்த ஊரில் வெட்டியிருக்கக்கூடியவர் கிருஷ்ணமாச்சாரியாவார்.

கட்டடத்தின் உயரம் 177 அடி. மாடித்தொகை எண்ணுவோரைப் பொறுத்துப் பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்து என வேறுபடும். தரைத்தளத்தையும் உச்சியிலுள்ள பொறியறைகளையும் சேர்ப்பதா விடுவதா என்பதே பிணக்கு. மக்கள் வழக்கில் அது என்றும் ‘பதினான்கு மாடி’தான். 1961இல் பம்பாயில் உஷா கிரண் எழும்வரை இந்தியாவிலேயே உயரமான கட்டடம் இதுவெனக் கூறுவர். இக்கூற்றை அலுவலக, குடியிருப்புக் கட்டடங்களுக்கு மட்டுமே பொருத்தமானதாகக் கொள்ளல் வேண்டும். 1010ஆம் ஆண்டளவில் இராசராச சோழன் எழுப்பிய தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. சீமெந்தும் மின்னுயர்த்தியுமின்றி எழுந்த அதனைச் சென்னைக் காப்புறுதிக் கட்டடம் எட்டவில்லை. ஆயினும் சென்னை நகரில் மூன்றரைத் தசாப்தங்களுக்கு மேல் அதனை விஞ்சிய கட்டடம் எழவில்லை.

யாழ்ப்பாண வாசகர் இவ்விடத்தில் இன்னொரு கட்டடத்தை நினையாதிருத்தல் இயலாது. 1959 ஒக்ரோபரில், அதாவது எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டு இரு மாதங்கள் நிறைவுறுமுன்னரே, யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புதிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. அதன் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் சென்னையிலிருந்து வருவிக்கப்பட்டவர். அதுவும் மக்களின் சிறு பணத்தால் எழுந்ததே. களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டுகளும் நடத்தியன்றோ நிதி திரட்டப்பட்டது. சென்னையில் உள்ளூர் முதலாளியொருவர் இலண்டன் கலைஞரைக் கொண்டு தமிழ் மரபின் சாயலற்ற நவீன கட்டடமொன்றை எழுப்ப, சென்னைக் கலைஞர் யாழ்ப்பாணத்தில் குவிமாடமும் திராவிட மரபும் இணைந்த வெண்மாளிகையொன்றை எழுப்பினார். முன்னது எதிர்காலத்தைக் காட்ட விரும்பிய நகரின் தேர்வு. பின்னது, தன் இருப்பை நிலைநாட்ட விழைந்த சமூகமொன்றின் தேர்வு. 1956இல் இந்தியா காப்புறுதியை அரசுடைமையாக்கிய அதே ஆண்டிலேதான் இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று என்பதையும் மறத்தலாகாது.

இரு கட்டடங்களும் தீயைக் கண்டன. 1975 யூலையில் எல்.ஐ.சி. கட்டடத்தில் மூண்ட பெருந்தீ அதன் உட்பகுதியைப் பெரிதும் அழித்தது. நகர மக்கள் வீதியோரத்தில் திரண்டு நின்று நோக்கினர். கூட்டுத்தாபனம் கட்டடத்தைச் செப்பனிட்டு மீண்டும் இயங்கச் செய்தது. கொங்கிறீற்றுச் சட்டகம் எரியாது நின்றமையே அதனைச் சாத்தியமாக்கிற்று. யாழ்ப்பாண நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. முன்னது நேர்ந்தது, பின்னது செய்யப்பட்டது. அலுவலகமொன்றின் தளபாடங்களுக்கு மாற்றுண்டு. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிக்கு மாற்றில்லை. நூலகம் முழுமையாக மீள எழுந்து வாசகர்க்குத் திறக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இலங்கையின் காப்புறுதி வரலாறும் சென்னைப் பாதையையே பின்தொடர்ந்தது. 1961ஆம் ஆண்டு 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், 1962 முதல் ஆயுட் காப்புறுதியில் தனியுரிமை பெற்றது. 1961 இலங்கை வங்கி அரசுடைமையான ஆண்டும், மக்கள் வங்கி தோன்றிய ஆண்டுமாகும். கொழும்புக் கோட்டையிலும் ஒரு காப்புறுதிக் கம்பனியே முதலுயர்ந்த கட்டடங்களுளொன்றை எழுப்பியது. உச்சியில் ‘ஆகாச கடே’ என்ற சிற்றுண்டிச்சாலையைக் கொண்டிருந்த சிலிங்கோ இல்லம் அது. 1996 சனவரி 31ஆந் திகதி மத்திய வங்கிமீது நடந்த குண்டுத் தாக்குதலில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டபோது சிலிங்கோ இல்லமும் தீக்கிரையாயிற்று. நிதிக் கட்டடங்கள் அரசின் அடையாளங்களாகக் கருதப்பட்டதன் விலையை அவற்றுள் பணிபுரிந்த சாதாரண ஊழியரே செலுத்தினர்.

சென்னையில் எல்.ஐ.சி. கட்டடம் பெற்ற வாழ்வு அத்துணைக் கொடியதன்று. மவுண்ட் றோட் அண்ணா சாலையாயிற்று. உயரமான கட்டடங்கள் நாற்புறமும் எழுந்தன. ஆனால் கூட்டுத்தாபனம் தன் கைக்கு வந்த இரு கட்டடங்களையும் ஒருபோல் பேணவில்லை. பாழடையவிடப்பட்ட பாரத் கட்டடத்தை 2006இல் இடிக்க முற்பட்டபோது, மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பான இன்ராக் நீதிமன்றத்தை நாடித் தடுத்தது. தன் நெடிய கட்டடத்தைத் தானே நகரின் சின்னமாகக் கொண்டாடிய நிறுவனம், அறுபதாண்டு மூத்த மாளிகையை வெறும் நிலமாகக் கணித்தமை வருந்தத்தக்கதாகும். டால்மியாவின் ஊழலுக்கு 1897ஆம் ஆண்டுச் செங்கற்கள் பொறுப்பல்லவே.

காப்புறுதியின் அரசுத் தனியுரிமை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. தனியார் கம்பனிகள் மீண்டும் களமிறங்கின. 2022 மே மாதத்தில் எல்.ஐ.சி. தன் பங்குகளில் மூன்றரை வீதத்தைப் பொதுமக்களுக்கு விற்றுப் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. பங்கு வாங்கியோருள் காப்புறுதிதாரர்க்கெனத் தனி ஒதுக்கீடு இருந்தது. தவணைக் கட்டணம் செலுத்தியோர் கட்டடத்திற்கு உரியவரா என்ற பழைய வினாவிற்கு இதனை அரைகுறை விடையாகக் கொள்வோருமுளர். அரசாங்கம் தன் பணமுடையைத் தீர்த்துக்கொண்ட வழியென்போருமுளர்.

2019 பெப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, அங்குள்ள நிலையத்திற்கு ‘எல்.ஐ.சி.’ என்றே பெயரிட்டனர். 2023 ஏப்ரலில் கட்டடத்தின் உச்சியிலிருந்த பெயர்ப்பலகை தீப்பற்றியெரிந்தது. இம்முறை தீயணைப்புப் படையினர் தீயை விரைவாக அணைத்தனர், உயிர்ச்சேதம் நிகழவில்லை.